மேற்குச் சுவரில் கதவு

அத்தானின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்தும் பார்க்காமல் போயிருப்பீர்கள். மாடிக் கட்டடங்களில் லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குமே, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பச்சை அம்பு போட்ட தளப்படம், அதுதான். 'நீங்கள் இருக்குமிடம்' என்று ஒரு சிவப்புப் புள்ளி. வலது மூலையில் பொடியாக ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தை யாரும் படிப்பதில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்களில் தொங்கிய அந்தக் கையெழுத்து என் அக்கா புருஷனுடையது. அச்சடித்து, சட்டம் போட்டு, ஆணியடித்து மாட்டியவன் நான். எனக்கு ஒரு பிரிண்டிங் கடை இருக்கிறது.

படம் முடிந்தவுடனே அவர் கையெழுத்துப் போட்டுவிட மாட்டார். நான் அச்சடித்துக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போவார். கடைக்கோடி மூலையில் யாருடைய நாற்காலி இருக்கிறதோ அதில் போய் உட்காருவார். பிறகு எழுந்து, தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தாள் சொல்கிற வழியிலேயே தெருவரை நடப்பார். ஆட்கள் மேல் மோதுவார், திட்டு வாங்குவார். ஒரு வங்கியில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, பாவம் பார்வை இல்லாதவர் போல என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனாராம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். தெருவுக்கு வந்த பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார்.

"என் படத்தப் பாத்து நடந்தவன் ஒருத்தன்கூட செத்ததில்ல மச்சான்" என்பார். அவருக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். சொந்த வீடு இல்லை, வண்டி இல்லை, தலையில் முடியும் இல்லை. அந்தக் கையெழுத்துக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்பதில் மட்டும் மனுஷன் பிடிவாதமாக இருந்தார்.

அவருக்கு ஐம்பத்தோரு வயதானபோது அவர் வேலை பார்த்த வரைபட அலுவலகம் ஆளைக் குறைத்தது. கூட இருந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இவருக்கு வெளியேறும் வழியை வரையத்தான் தெரியும். தனியாகச் செய்தால் மாதத்துக்கு ஒரு கட்டடம் கிடைப்பதே பெரிது. அக்கா ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறாள். என் சம்பளத்தில் வாடகை போகும், மிச்சத்தில் பல் விளக்கலாம் என்று அவளே சொல்வாள்.

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். நுழைக்காமல் இருந்திருக்கலாம்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. வாரம் ஒரு மதியம், மூன்று நண்பர்களோடு பகடை உருட்டி ஆடும் கதையாட்டம். நான் ஆட்டம் நடத்துகிறவன். பாதாளம், பேய், புதையல் என்று நான் கதையை விரிப்பேன், அவர்கள் அதற்குள் வீரர்களாக நுழைந்து வழி தேடுவார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர், பஸ் டிரைவர் ஒருவர், கணக்கு டீச்சர் ஒருவர். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தோம். டிரைவருக்கும் டீச்சருக்கும் ஊர் மாறிப்போனதும் மேசையைத் திரைக்குள் கொண்டுவரும் ஒரு ஆப்பில் சேர்ந்தோம். நான் ஒரு படத்தைத் திறந்தால் அது அவரவர் வீட்டில் அவரவர் திரையில் விரியும். அதில் ஒரு வசதி, நடத்துகிறவனுக்கு ஒரு பார்வை, ஆடுகிறவர்களுக்கு வேறு பார்வை. பொறி எங்கே, பேய் எங்கே என்பது என் திரையில் மட்டும் தெரியும்.

ஆனால் அந்தக் கம்பெனிக்காரன் விலை வைத்த அழகு இருக்கிறதே! பாதாளத்துக்கு ஒரு விலை, அதற்குள் இருக்கும் பேய்க்கு ஒரு விலை, பேயின் கையில் இருக்கும் கத்திக்கு ஒரு விலை. வாங்கியதைக் கூட்டாளிகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் நடுப்படிச் சந்தா, மற்ற வசதிக்கெல்லாம் மேல்படிச் சந்தா. வயிறெரிந்துகொண்டே நடுப்படிக்குக் கட்டினேன். ஒரு நாள் காசு கொடுத்து வாங்கிய ஒரு மாளிகைப் படத்தை அத்தானிடம் காட்டிப் புலம்பினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். சமையல்கட்டுக்கு வழியே இல்லையே, இந்த ராஜா எப்படிச் சாப்பிடுவான் என்று கேட்டார்.

அப்படித்தான் அவர் பாதாளம் வரைய ஆரம்பித்தார். அவர் படங்களில் படிக்கட்டுக்குத் தலை இடிக்காது, சுரங்கத்தில் காற்று வர ஓட்டை இருக்கும், பேய்கூடத் தன் அறைக்கு நியாயமான வழியில் போய்வரும். ஆப்பின் கடையில் நான்தான் ஏற்றிவிட்டேன். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று விலை, விற்றதில் பாதிக்கு மேல் நமக்கு. இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. அக்கா புதிதாக ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கி, அதற்குள் வைக்க ஒன்றும் இல்லாமல் தண்ணீர் பாட்டிலாக அடுக்கினாள்.

பிறகு கம்பெனி அடிமடியில் கைவைத்தது. இனிமேல் தனித்தனி விலை கிடையாது, மாதச் சந்தா கட்டினால் எல்லாப் படமும் திறக்கும் என்று அறிவித்தார்கள். ஆடுகிறவர்கள் கொண்டாடினார்கள், நானும்தான். வரைகிறவர்களுக்கு வந்த கடிதம் வேறு. சந்தாப் பணத்தில் ஒரு பகுதியைப் பொதுவில் போட்டு, யார் படம் எத்தனை நிமிடம் மேசையில் திறந்திருந்ததோ அந்த நிமிடக் கணக்கில் பிரித்துத் தருவார்களாம். நான்கு வாரம் தவறாமல் புதுப் படம் ஏற்றினால் பங்கு ஒன்றரை மடங்காகுமாம். ஒரு வாரம் விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

முதல் மாதமே வருமானம் மூன்றில் ஒன்றாக விழுந்தது. காரணம் கண்டுபிடித்தவன் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது. அன்றைக்கு ஏதோ பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்:

"அத்தான், உங்க படத்துல ஜனங்க சுலபமா வெளிய வந்துடறாங்க. அங்கதான் அடி வாங்கறோம்."

அவர் ஒரு வாரம் கழித்துப் புதுப் படம் ஒன்றைக் கொடுத்து, உன் ஆட்களை வைத்து ஆடிப் பார் என்றார். ஆடினோம். பாதாளத்தின் மேற்குக் கோடியில் ஒரு கதவு, அதற்குப் பின்னால் மேலே ஏறும் படிக்கட்டு. ஆடுகிறவர்கள் திரையில் அப்படி. என் திரையில் அதே இடம் வெறும் சுவர். கதவே கிடையாது, கதவுபோல ஒரு தோற்றம் அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் பூட்டைத் திறக்கப் பார்த்தார், டீச்சர் மந்திரம் போட்டார், டிரைவர் எட்டி உதைத்தார். நாற்பது நிமிடம் மூவரும் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டினார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

அந்தப் படம் ஆப் முழுக்கப் பரவியது. அதிலிருந்து ஒவ்வொரு படத்திலும் ஒரு பொய்க்கதவு, இரண்டு பொய்க்கதவு. நிமிடம் ஏறியது, பணம் வந்தது. வாரம் ஒன்று ஏற்றியாக வேண்டும் என்பதால் மனுஷன் நாற்காலியைவிட்டு எழுவதே இல்லை. அக்கா ஒரு நாள் கடைக்கு வந்தபோது சொன்னாள், முன்பெல்லாம் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் வெளியே வரும் வழியைப் பார்ப்பார், இப்போது எங்கே அடைக்கலாம் என்று பார்க்கிறார் என்று. நான் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அவர் தளப்படம் வரைகிற சாஃப்ட்வேரும் இதே வழிக்கு வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே தடவையாகக் காசு கொடுத்து வாங்கியது, புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது, மாதாமாதம் கட்டு என்றான் அதை விற்றவன். அத்தானுக்கு அன்றைக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"நான் வாங்கின பென்சிலுக்கு எனக்கே வாடகையா?" என்று கத்தினார்.

கட்ட மாட்டேன் என்று அதை விட்டுவிட்டார். எப்போதாவது வரும் நிஜக் கட்டடத்துக்கு பாதாளம் வரையும் ஆப்பே போதும், அதற்குத்தான் ஏற்கெனவே சந்தா கட்டுகிறோமே என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சுவர் சுவர்தானே.

அந்த மாதக் கடைசியில் மெத்தைக்காரர் வந்தார். ஸ்பாஞ்ச் மெத்தை தைக்கும் பட்டறை, இரண்டாவது மாடியில் ஒரு நீளக் கூடம், பதினெட்டுப் பேர் வேலை. கிழக்கே ஒரு படிக்கட்டு, வேறு வழி இல்லை. மறுநாள் இன்ஷூரன்ஸ் ஆள் பார்வையிட வருகிறார், படம் தொங்கியாக வேண்டும் என்று காலில் விழாத குறையாகக் கேட்டார். அத்தானுக்கோ அன்றைக்குத்தான் நான்காவது வாரப் படம் ஏற்ற வேண்டிய நாள். பட்டறையின் பழைய அளவுத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வரைந்து எனக்கு அனுப்பினார். கையெழுத்தையும் படமாக ஒட்டியிருந்தார். அப்படி அவர் செய்ததே இல்லை. நான் போன் பண்ணினேன்.

"நடந்து பாக்கலையா அத்தான்?"

"சின்ன எடம் மச்சான். ஒரே கூடம், ஒரே படி. கண்ணக் கட்டிட்டு நடக்கலாம். நீ மாட்டிடு."

நடந்தது இதுதான். மேற்குச் சுவரை வரைய அவர் புதிதாகக் கோடு போடவில்லை, அவசரத்தில் தன் பழைய பாதாளம் ஒன்றிலிருந்து அதே நீளச் சுவரை வெட்டி ஒட்டியிருக்கிறார். அவர் பார்ப்பது நடத்துகிறவன் பார்வை. அதில் அது வெறும் சுவர். உள்ளே ஒரு பொய்க்கதவு இருந்தது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நாங்கள் கட்டிய நடுப்படிச் சந்தாவில் ஆடுகிறவர் பார்வையை மட்டும்தான் அச்சுக்கு எடுக்க முடியும். மற்றதை எடுக்க மேல்படிக்குக் கட்ட வேண்டும். என் மெஷினிலிருந்து வந்த தாளில் மேற்குச் சுவரில் ஒரு கதவு, பின்னால் படிக்கட்டு, அச்சு அசலாக இருந்தது.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் வழி இருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மாட்டப் போனபோது கூடத்தின் மேற்குக் கோடி முழுக்க மெத்தைகளை உத்தரம்வரை அடுக்கியிருந்தார்கள். கதவு அதற்குப் பின்னால் இருக்கும் போல, இந்த ஆள் இப்படி அடைத்து வைத்திருக்கிறாரே என்று மனசுக்குள் திட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மெத்தைக்காரர் போனில் யாரோடோ கத்திக்கொண்டிருந்தார், எனக்குக் கடையில் கல்யாண அட்டை ஓடிக்கொண்டிருந்தது, ஆணியை அடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் இன்ஷூரன்ஸ் ஆள் சட்டம் தொங்குகிறதா என்று பார்த்தாராம், தொங்கியது.

ஏழு வாரம் கழித்து, காலை பத்தரை மணிக்கு, வெட்டு மெஷின் ஒயரில் பொறி பறந்து ஸ்பாஞ்ச் பற்றிக்கொண்டது. ஸ்பாஞ்சில் தீயைவிடப் புகைதான் எமன். கிழக்குப் படிக்கட்டுக்குப் பத்தடி தள்ளித்தான் மெஷின். பழைய ஆட்கள் பதினேழு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு புகைக்குள்ளேயே ஓடிப் படியிறங்கிவிட்டார்கள். வேறு வழி கிடையாது என்று அவர்களுக்குத் தெரியும். படத்தை அவர்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்து நான்கே நாளான ஒரு பெண் இருந்தாள், இருபத்தாறு வயது. சேர்ந்த அன்றைக்கு சூப்பர்வைசர் அவளை அந்தச் சட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்று சொல்லி, பார்த்தேன் என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். சொன்னபடி அவள் நன்றாகத்தான் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு அதிகாரி என் கடைக்கு வந்தார். புகை படிந்த சட்டம் ஒன்றை மேசைமேல் வைத்தார். பின்பக்கம் என் கடை ஸ்டிக்கர். துணியால் கண்ணாடியைத் துடைத்து மேற்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"நீங்கதான் அச்சடிச்சதா? இதுல ஒரு கதவு இருக்கு. அங்க இல்ல."

அவர் குரலை உயர்த்தாமல் மீதியைச் சொன்னார். மெத்தை அடுக்குகளுக்கு நடுவே ஒடுங்கி நுழைந்து அந்தப் பெண் மேற்குச் சுவர்வரை போயிருக்கிறாள். அங்கேதான் கிடந்தாளாம். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்ததாம். நான் ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடையைப் பூட்டிவிட்டு நேரே அத்தான் வீட்டுக்குப் போனேன். அவர் அந்த வாரப் படத்தை வரைந்துகொண்டிருந்தார். நான் எதுவும் விளக்காமல், மெத்தைப் பட்டறைப் படத்தைத் திறங்கள் என்றேன். திறந்தார். மேற்கே சுவர். இப்போது ஆடுகிறவர் பார்வைக்கு மாற்றுங்கள் என்றேன். மாற்றினார். கதவு வந்தது. அவர் திரும்பச் சுவருக்கு மாற்றினார், திரும்பக் கதவுக்கு மாற்றினார். நாலைந்து தடவை அப்படிச் செய்தார். நான் அதிகாரி சொன்னதைச் சொன்னேன். அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், கையில் இருந்த தம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு.

"எத்தன நிமிஷம்?" என்றார் அத்தான்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அந்தச் சுவத்துக்கிட்ட. எத்தன நிமிஷம் நின்னுச்சாம் அந்தப் பொண்ணு?"

தெரியாது என்றேன். ஆறேழு நிமிடம் இருக்கும் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

அப்புறம் நான் ஒரு ஈனமான காரியம் செய்தேன். ஒரே ஒரு மாதம் மேல்படிச் சந்தா கட்டினால் சுவர் உள்ள படத்தை அச்சுக்கு எடுத்துவிடலாம், நாம் கொடுத்தது அதுதான், மெத்தைக்காரர்தான் மாற்றி மாட்டிவிட்டார் என்று சொல்லலாம் என்றேன். அந்த ஆளும் யோக்கியன் இல்லை, அலாரம்கூட வைக்கவில்லை என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு நடந்தே போனார். போய், கையெழுத்து என்னது, நான் அங்கே நடந்து பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வழக்கு நடக்கிறது. அலாரம் இல்லாததற்கு மெத்தைக்காரர் மேலும், படத்துக்கு அத்தான் மேலும். என் பெயர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறது. குற்றவாளிப் பட்டியலில் ஏன் இல்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா ஒரு தடவை கோர்ட் வராந்தாவில் அத்தானுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அத்தான் எழுந்து நின்றே இருந்தார், கூப்பிடும்வரை உட்காரவில்லை.

அவர் உரிமத்தை ரத்து செய்தார்கள். அவர் கையெழுத்துள்ள படம் எங்கே தொங்கினாலும் கழற்ற வேண்டும், வேறு ஆளை வைத்து வரைய வேண்டும் என்று உத்தரவு. மாட்டியவனே கழற்றட்டும் என்று எல்லாரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம், வங்கி, அக்கா வேலை பார்க்கும் பல் மருத்துவமனை. முந்நூற்றுச் சொச்சம் சட்டங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும்போது படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை நடந்து பார்த்தேன். ஒன்றிலும் ஒரு தவறு இல்லை. எல்லாக் கதவும் இருந்த இடத்தில் இருந்தது. அதையெல்லாம் என் கடையின் பின்னறையில் அடுக்கி வைத்திருக்கிறேன், எடைக்குப் போட மனசு வரவில்லை.

போன மாதம் அக்கா கூப்பிட்டாள். அத்தான் அவளோடு பேசுவதே இல்லையாம். மதியமெல்லாம் கம்ப்யூட்டரில் யாருக்கோ எழுதிக்கொண்டே இருக்கிறாராம்.

"என்னன்னு கொஞ்சம் பாருடா. எனக்குக் கேக்கப் பயமா இருக்கு."

போனேன். அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பொய்க்கதவுப் படங்களை ஆப்பிலிருந்து எடுத்துவிட அவர் முயன்றிருக்கிறார். ஒரு தடவை சந்தாப் பொதுவில் சேர்ந்த படத்தை மூன்று வருஷத்துக்கு எடுக்க முடியாதாம், அப்படித்தான் நாம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறோமாம். அதில் ஒரு கோடு திருத்த வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். சந்தா கட்டப் பணம் இல்லை, வக்கீலுக்கே ஃப்ரிட்ஜை விற்றுத்தான் கொடுத்தார்கள். காசு கட்டாதவருக்கு அந்த ஆப்பில் ஒரே ஒரு சலுகை, பொது மேசைகளில் போய் வேடிக்கை பார்க்கலாம், ஓரத்தில் இரண்டு வரி எழுதலாம்.

அதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். தன் படம் திறந்திருக்கும் மேசைகளைத் தேடித் தேடி நுழைகிறார். நான் பார்த்தபோது எங்கோ யாரோ ஐந்து பேர் அந்த மேற்குக் கதவோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோடரியால் வெட்டுவதற்குப் பகடை உருட்டினார். அத்தான் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார்: 'அங்க கதவு இல்ல. கிழக்க போங்க.'

ஆட்டத்தைக் கெடுக்காதே என்று யாரோ திட்டினார்கள். அவர் திரும்ப அதையே எழுதினார். யாருய்யா நீ என்று நடத்துகிறவர் கேட்டார்.

'படம் போட்டவன்' என்று எழுதினார் அத்தான்.

அவரை மேசையிலிருந்து நீக்கினார்கள். திரை வெறுமையானது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு, அடுத்த மேசையைத் தேடினார். பட்டியல் நீளமாக இருந்தது. நானும் என் போனை எடுத்து, அந்த மேசைகளில் ஒன்றுக்குள் நுழைந்தேன்.